முருங்கையடியில் கிடைத்த அம்புமுனை

போன வாரம் அந்தமானில், ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பலுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் ஈரச்சாக்கில் சுற்றிய முருங்கைக் கொம்பை மடியில் வைத்திருந்தார். அந்த ஈரமண் வாசனை மூக்கில் ஏறியதும் சௌல்தாரி கிராமத்து அந்தோணி அண்ணன் நினைவு வந்துவிட்டது.

அண்ணன் கொத்தனார். திருச்செந்தூர்ப் பக்கத்து மணப்பாட்டுக் குடும்பம், ஆனால் அவர் பிறந்ததே சௌல்தாரியில்தான். ஆனாலும் கடைத்தெருவில் வாய்த்தகராறு வந்தால் யாராவது "மெயின்லேண்ட்வாலா", அதாவது கடலுக்கு அந்தப்பக்கத்து ஆள், என்று சொல்லிவிடுவார்கள். அதுதான் அவருக்கு ஆறாத புண்.

நான் அப்போது பழம்பொருள் அலுவலகமொன்றில் படம் வரைகிறவன். கல்லைப் பார்த்தே காலம் சொல்கிற ஆள் போல வெளியில் நடந்துகொள்வேன். அதை நம்பித்தான் அவர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். முருங்கையடியில் குழி வெட்டும்போது கிடைத்ததாம், கட்டைவிரல் நகத்தளவு அம்புமுனை.

"இந்தத் தீவோட கல்லு, தம்பி. எங்க மண்ணுல கெடச்சிருக்கு. இனி எவன் என்னை வெளியாளுன்னு சொல்லுவான்?"

இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்த்து, அடியை உள்வாங்கச் செதுக்கியிருந்தது. கழுவினாலும் போகாத செம்மண் நிறம் கல்லில் ஊறியிருந்தது. இந்தத் தீவின் பழங்குடிகள் அம்புக்கு எலும்பும் இரும்பும் வைத்தார்களே தவிர, கல்லை வைத்ததாக நான் படித்ததில்லை. திருச்செந்தூர், மணப்பாட்டுப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் கிடைப்பவைதான் இப்படி இருக்கும். முருங்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"நாந்தான்யா கொண்டாந்தேன்," என்றார் அவர் அம்மா. "தேரி மண்ணு போட்ட டின்னுல நட்டு, கப்பல்ல."

"அப்படியென்றால் கல்லும் அந்த மண்ணோடு வந்ததுதான்," என்றேன். கண்டுபிடித்த பெருமை எனக்கு. அந்த அம்மா கல்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் சொன்னதில் இன்றைக்கும் பிழை இல்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

அம்மா காலமான பிறகு அண்ணன் வீட்டை விற்றார். மணப்பாட்டுக்கே போவதென்று கப்பல் ஏறுமுன், "நீதானப்பா சொன்ன, தோண்டுனாலும் எங்க ஊருதான் வருதுன்னு," என்று சிரித்தார்.

சௌல்தாரியில் அந்த வீடும் மரமும் இல்லை. சிமெண்ட் கிடங்கு நிற்கிறது. அண்ணன் மணப்பாட்டில் கொத்தனார் வேலை பார்க்கிறார். அங்கே அவரை அந்தமான்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.