படிக்கட்டில் உருண்ட அண்ணி

என் அண்ணிக்கு விழுவதுதான் தொழில். சினிமாவில் கதாநாயகி மாடியிலிருந்து குதித்தாலோ, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தாலோ, அது கதாநாயகி இல்லை. அவள் உடையையும் அவளுடையது மாதிரி முடியையும் மாட்டிக்கொண்ட எங்கள் அண்ணி. டூப் என்பார்கள். முழங்கையிலும் முழங்காலிலும் தழும்பு இல்லாத இடம் கிடையாது. ஆனால் முகம் ஒரு படத்திலும் தெரிந்ததில்லை. தெரிந்தால் அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

வினை அதில்தான் வந்தது. அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப்போக, பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்காரி, “உங்கம்மா மூஞ்சி எங்கடி இருக்கு? புளுகாத” என்றுவிட்டாள். அன்றிலிருந்து வகுப்பே அவளைப் புளுகிணி என்று கூப்பிட்டது. பிள்ளை வீட்டுக்கு வந்து, “இனிமே உன் வேலையைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதம்மா” என்றாள். எத்தனை அடிபட்டாலும் அழாத அண்ணி, சமையலறையில் அடுப்பைப் பார்த்து நின்றபடி அழுதாள்.

“பெத்த பொண்ணே வெக்கப்படற வேலை எதுக்கு? விட்டுட்டு ஏதாவது கடையில சேர்ந்துடறேன்” என்றாள். அண்ணி பேச்சுக்காகப் பேசுகிறவள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி விழுந்திருந்த புதுப் படம் வந்தது. நான் விடுவேனா? அண்ணி, அவள் மகள் இரண்டு பேரோடு, அந்தக் கண்ணாடிக்காரியையும் வீட்டில் கேட்டுக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன்.

படத்தில், அப்பாவின் சலவைக் கடையைப் பிடுங்கிக்கொண்ட வில்லனை, சண்டை கற்றுக்கொண்டு மகள் பழிவாங்குகிறாள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். சிரிப்பு போஸ்டரோடு சரி. நாயகி காலைத் தூக்குவதற்கு முன்பே நாலு பேர் மல்லாந்தார்கள். வில்லன் அடி வாங்கும்முன் வசனம் பேசினான், வாங்கியபின்னும் விடாமல் பேசினான். இடைவேளையில் பாதித் தியேட்டர் காலி.

“இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?” என்றாள் கண்ணாடிக்காரி. அண்ணன் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இடைவேளைக்குப் பிறகு வில்லன் நாயகியை மாடிப்படியில் தள்ளினான். அவள் உருண்டு வந்து கீழே குப்புறக் கிடந்தாள். முகத்தை முடி மூடியிருந்தது. தரையில் நீட்டிய கையின் சுண்டுவிரல் மட்டும் இரண்டு தரம் தட்டியது.

அண்ணன் மகள் எழுந்து நின்றுவிட்டாள். “அது அம்மா. அம்மா விரல்.”

மயங்கிக் கிடப்பது நடிப்பா நிஜமா என்று சண்டை மாஸ்டருக்குத் தூரத்திலிருந்து தெரியாது. அதனால், அடிபடவில்லை என்று சொல்ல அண்ணி சுண்டுவிரலை இரண்டு தரம் தட்டுவாள். வீட்டில் குளியலறையில் வழுக்கினாலும் அந்த விரல் தானாகத் தட்டும். பிள்ளை அதைப் பார்த்தே வளர்ந்தவள். படத்தில் வெட்டியிருக்க வேண்டிய இடம் அது. வெட்ட வேண்டியவர் தூங்கிவிட்டார் போல. மகராசன், நன்றாக இருக்கட்டும்.

கண்ணாடிக்காரி மசியவில்லை. “விரலை யார் வேணா தட்டலாம்” என்றாள்.

படம் முடிந்து எல்லோரும் சலித்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். அண்ணி பாதிப் படியில் நின்றாள். வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், செருப்பை ஓரமாக விட்டாள்.

“அண்ணி, வேணாம்” என்றேன்.

“நீ பையைப் பிடி” என்றவள், கீழே நின்றவர்களிடம், “கொஞ்சம் ஒதுங்குங்க, நான் விழப்போறேன்” என்றாள்.

அவர்களுக்குப் புரிவதற்குள் விழுந்தாள். தோள், முதுகு, இடுப்பு என்று உருண்டு கடைசிப் படியைத் தாண்டிக் குப்புறக் கிடந்தாள். யாரோ கத்தினார்கள். வாட்ச்மேன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். இதெல்லாம் தெரிந்த எனக்கே உயிர் போய் வந்தது.

சுண்டுவிரல் இரண்டு தரம் தட்டியது.

கண்ணாடிக்காரிதான் முதலில் கைதட்டினாள். பிறகு தியேட்டர் வாசலே தட்டியது. அந்தப் படத்துக்கு அங்கே கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

வாட்ச்மேன் மட்டும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மகள் அவரிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பயப்படாதீங்க அங்கிள். அவங்க எங்கம்மா. இதுதான் அவங்க வேலை.”