வாசகம் மாஸ்டரின் முடியாத போட்டி

விசில் ஊதாமல் யாரும் முதல் காயைத் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்துப் பின்புறக் கொட்டகையில் பையன்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்க, வாசகம் மாஸ்டர் நடுவில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கன்னம் இரண்டும் உப்ப ஓர் ஊது ஊதுவார். காஜா பெராங் சாலையில் போகிற மாட்டு வண்டிக்காரன்கூட எதற்கோ என்று பயந்து வண்டியை நிறுத்திவிடுவான். சதுரங்கத்துக்கு எதற்கய்யா விசில் என்று கேட்டால், "பந்து ஆடினா என்ன, காய் நகர்த்தினா என்ன? ஆட்டம்னா விசில் வேணும்லா," என்பார்.

முழுப் பெயர் மாணிக்கவாசகம். பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி ஆசிரியர். ஜப்பான்காரன் வந்த பிறகு, காலையில் பிள்ளைகளோடு ஜப்பான் ராஜா இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிவதற்கும், அப்புறம் கைகாலை வீசுவதற்கும் அவரே தலைமை. ஒல்லியான ஆள். கிழங்கு தின்று தின்று இன்னும் இளைத்து, அரைக்கால் சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஆனால் அந்தச் சட்டையின் மடிப்புக் குலைந்து ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. சோப்பும் இல்லாத, இஸ்திரிப் பெட்டிக்குக் கரியும் இல்லாத காலத்தில் அந்த மடிப்பு எப்படி நின்றது என்பது அவருக்கும் அவருடைய தலையணைக்கும்தான் தெரியும்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தவன், அச்சாபீஸ் மூடியதும் மரவள்ளிக்குப் பாத்தி கட்டினேன். வேலை குறைந்தவனுக்கு வாய் நீளும் அல்லவா? ஞாயிறுதோறும் கொட்டகையில் போய் உட்கார்ந்து மாஸ்டரைக் கேலி செய்வதை ஓர் உத்தியோகமாகவே வைத்துக்கொண்டேன்.

சண்டைக்கு முன்பு மலாக்காவில் பந்தாட்டம் என்றால் நடுவர் அவர்தான். சீனர், மலாய்க்காரர், நம்மவர் யார் ஆடினாலும் அவர் விசிலுக்கு மறுபேச்சு இல்லை. ஒருமுறை சொந்த மைத்துனர் அடித்த வெற்றி கோலையே செல்லாது என்றுவிட்டார். "எங்கண்ணன் அதுக்கப்புறம் இந்த வீட்டுப் படி ஏறல," என்று அவர் மனைவி பாக்கியலட்சுமி என்னிடம் சொல்லியிருக்கிறார். "இவருகிட்ட கேட்டா, 'பந்து கைல பட்டுச்சு, நான் என்ன பண்றது'ங்கிறாரு." குறையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்டவர் திடீரென்று மாணவர் குழுச் சதுரங்கப் போட்டி நடத்துகிறேன் என்று கிளம்பினார். இதைத் தேகப்பயிற்சி போல மூளைப்பயிற்சி என்று சொல்லி, கல்வி அதிகாரியிடம் முப்பது தரமாவது குனிந்திருப்பார். அனுமதி கிடைத்தது. ஆடுகிற பையன்கள் ஒவ்வொருவருக்கும் முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்று, இடது கையில் கட்டிக்கொள்ள. போட்டி முடிந்ததும் பட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எப்போது முடியும் என்று அதிகாரி கேட்டதற்கு, "ஜெயிச்சது யாருன்னு தெரியறப்ப முடியும் ஐயா," என்றாராம். அதுவும் நியாயம்தானே என்று அதிகாரி தலையாட்டிவிட்டார்.

அந்த வருடம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாசார் சந்தையில் நிற்பவன், படம் பார்க்கப் போனவன், தோட்டத்தில் சும்மா இருப்பவன் என்று யாரையும் விடாமல் லோரியில் ஏற்றிப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. கையில் பட்டை இருந்தால் மட்டும் லோரிக்காரன் பையனைத் தொடமாட்டான்.

நான்கு ஊர்க் குழுக்கள் சேர்ந்தன. காஜா பெராங், தெங்கேரா, பத்து பெரெண்டாம், புக்கிட் காதில். இந்தப் புக்கிட் காதில் குழுவில் ஒருவனும் மாணவன் இல்லை. எல்லோரும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த பையன்கள். மாஸ்டர் அவர்களை இழுத்து வந்து மூன்றாம் வகுப்பில் சேர்த்தார். மீசை அரும்பிய நடராஜன் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஜப்பான் எழுத்தைக் கூட்டிப் படித்த காட்சியைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. அவனுடைய அண்ணனைத்தான் முதல் லோரியில் கொண்டுபோனார்கள்.

ரப்பர் கொட்டைகள் சிப்பாய்கள். மரவள்ளித் தண்டில் செதுக்கியவை ராஜாவும் குதிரையும் யானையும். ஒரு பக்கத்துக்குச் சுண்ணாம்பு, மறு பக்கத்துக்கு அடுப்புக்கரி. இதெல்லாம் சரி. விதிமுறையில்தான் மாஸ்டர் கோட்டை விட்டார் என்று நினைத்தேன். நம் வீடுகளில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாண்டலாம். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர்களுக்கு அது கிடையாது, அவர்கள் ராஜாவை யானைக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்பார்கள். தெங்கேராவில் சிப்பாய்க்கு வேறு கணக்கு. இவ்வளவும் தெரிந்திருந்தும், "அவங்கவங்க வீட்டு முறைப்படி ஆடலாம்," என்று அறிவித்தார் மனிதர். சண்டை வராமல் இருக்குமா? வாராவாரம் வந்தது. வந்த உடனே விசில். "ஆட்டம் செல்லாது. அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடியும்." மூன்று மாதத்தில் முடிய வேண்டிய போட்டி மழைக்காலத்தையும் தாண்டி ஓடியது.

பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேன். "ஏன் மாஸ்டர், எல்லாருக்கும் ஒரே சட்டம்னு வெச்சா என்ன?"

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "வெச்சா முடிஞ்சிடும் ஐயா. முடிஞ்சா பட்டைய வாங்கிடுவாங்க."

அத்தனை நாளும் இந்த மனிதரை ஏமாளி என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். "பையன்களுக்குத் தெரியுமா?" என்றேன். "பிள்ளைங்க வாயில நிக்காது. அவங்க நெசமாவே ஆடட்டும்," என்றார். அன்று முதல் கொட்டகையில் நான் வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ வீரர்களைப் பற்றி எழுத்துக் கோத்தவன் நான். அவர்களில் யாரும் இந்தக் கயிறு கட்டிய அரைக்கால் சட்டைக்கு ஈடாக மாட்டார்கள் என்று தோன்றியது.

கடைசியில் முதலிடம் யாருக்கு என்று தெங்கேராவும் புக்கிட் காதிலும் மோதிய ஞாயிறு வந்தது. மற்றப் பலகைகள் முடிந்து இரு குழுவும் சரிசமமாக நின்றன. நடராஜனும் தெங்கேரா சிஹாபுதீனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் மருதமுத்து சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றான். நம்ம ஆள்தான், லோரிக்கு ஆள் காட்டுவது அவன் தொழில். "இன்னிக்கி முடிஞ்சிரும் போலருக்கே மாஸ்டர்," என்றான். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சிஹாபுதீனின் ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொண்டு நின்றது. நடராஜன் யானையைக் கடைசி வரிசையில் இறக்கினால் ஆட்டம் தீர்ந்தது. எனக்கே அது தெரிந்தது. இந்த முறை சண்டை இல்லை, சந்தேகம் இல்லை. நடராஜன் சிரித்துக்கொண்டே யானையை எடுத்தான்.

விசில் ஊதியது.

"ஆட்டம் செல்லாது," என்றார் மாஸ்டர். "ஒன் ராஜா ரெண்டு தரம் குதிர மாதிரி தாண்டிட்டான்."

"ஒரு தரந்தான் மாஸ்டர்."

"ரெண்டு. நான் பார்த்தேன்."

நடராஜன் எதிரே இருந்தவனைப் பார்த்தான். "நீயே சொல்லு."

சிஹாபுதீன் நல்ல பிள்ளை. தோற்கப் போகிறவன் என்றாலும் தயங்கவில்லை. "ஒரு தரந்தான் மாஸ்டர். நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றான்.

"ரெண்டு," என்றார் மாஸ்டர் மறுபடியும். குரல் பிசகவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம."

கொட்டகை முழுக்க ஒரே இரைச்சல். காஜா பெராங் பையன்களே, அவர் கையில் வளர்ந்தவர்களே, "கள்ள விசில்" என்று கத்தினார்கள். மலாக்கா முழுவதும் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த விசிலின் பெயர்தான். அது அன்று என் கண்ணெதிரே போயிற்று. எழுந்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்குத் துடித்தது. வாசலில் மருதமுத்து நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நடராஜன் எழுந்தான். கண்ணில் நீர் முட்டியது. "ஒங்களப் போயி நேர்மையான ஆளுன்னு சொன்னாங்களே," என்றான். இடது கைப் பட்டையைப் பிய்த்து மாஸ்டரின் காலடியில் எறிந்துவிட்டு வெயிலில் இறங்கி நடந்தான். மருதமுத்து சைக்கிளை நிமிர்த்தினான்.

மாஸ்டர் குனிந்து பட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். வெறுங்காலோடு, சுடுகிற தாரில், கத்திக்கொண்டு பின்னால் வந்த பையன்களுக்கு முன்னால் ஓடி நடராஜனைப் பிடித்தார். அவன் கையை உதறினான். விடவில்லை. மருதமுத்து சைக்கிளில் அருகே வந்து ஒரு காலை ஊன்றி நின்றான். மாஸ்டர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நடராஜனின் கையில் பட்டையைச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அது போதாது என்று இன்னொரு முடிச்சும் போட்டு, அவிழுமா என்று தன் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தார்.