துரையின் வலக்கைப் பக்கம்

சாந்தோம் இக்னேஷியஸ் தம் வாழ்நாளில் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் மவுண்ட் ரோடு துப்பாக்கிக் கடையில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். மங்கிப்போன வேட்டைப் படத்தைக் காட்டினால் போதும், இந்தத் துப்பாக்கி மௌசர், இது மான்லிக்கர் என்று அடித்துச் சொல்வார். படத்தில் நிற்கும் மனுஷன் யாரென்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார். முகத்தைப் பார்த்தால்தானே!

நாற்பத்தேழில் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய படத்தோடு யாராவது அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பேசுவார். அது ஒரு காலம்!

அப்படித்தான் டீச்சர் நோராவும் சட்டம் போட்ட ஒரு படத்தோடு வந்தாள். தாயும் தகப்பனும் போய், கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். அப்பா ஹென்றி, ஒரு வெள்ளைக்காரத் துரையோடு வேட்டைக்குப் போனவர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காட்டுக் காய்ச்சலில் இறந்துவிட்டார். துரை அனுப்பிய இந்தப் படமும், ‘என் வலக்கைப் பக்கம் நிற்பவன் ஹென்றி’ என்ற கடிதமும்தான் அவளுக்கு மிச்சம்.

“அப்பா பக்கத்துல துரை வச்சிருக்கிறது என்ன துப்பாக்கி, மாமா?”

நன்றாகப் பார்க்க, சட்டத்தைக் கழற்றினார். உள்ளே மடித்திருந்த ஓரம் விரிந்தது. துரைக்கு மறுபக்கம் இன்னொரு ஆள் நின்றான்.

“சட்டம் சின்னது மாமா. அதான் அந்த ஆளை மடிச்சிட்டேன்.”

பூதக்கண்ணாடியை வைத்தார். மௌசர்தான். ஆனால் குண்டேற்ற இழுத்துத் தள்ளும் கைப்பிடி, வலப்பக்கம் இருப்பதற்குப் பதில், இடப்பக்கம் இருந்தது. அப்படியொரு மௌசரை அவர் கண்டதே இல்லை. துரையின் கோட்டிலும் பொத்தான்கள் பக்கம் மாறியிருந்தன. ஸ்டூடியோக்காரன் கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டிருக்கிறான். இடம் வலமாகி, துரையின் வலக்கைப் பக்கம் நின்றவன் படத்தில் இடக்கைப் பக்கம் போய்விட்டான்.

அப்போதுதான் முகங்களைப் பார்த்தார். மடிப்பிலிருந்து வந்தவனுக்கு மோவாயில் ஒரு குழி. நோராவுக்கும் அதே குழி.

மௌசர் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடலாமா? எத்தனை வருஷம் இன்னொருவன் முகத்தைப் பார்த்து ஜெபம் சொல்லியிருப்பாள், பாவம்! ஆனால் துப்பாக்கி விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. கைப்பிடியையும் பொத்தானையும் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நோரா மடிப்புக் கோட்டை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“இத்தனை வருஷமா அப்பாவை நானேதான் மடிச்சு வச்சிருந்தேனா, மாமா?”

இக்னேஷியஸ் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த தம் துப்பாக்கிப் படத்தைக் கழற்றி, அந்தப் பெரிய சட்டத்தில் மூன்று பேரையும் முழுசாக வைத்து அவளிடம் கொடுத்தார்.