'வெள்ளம்'னு சொன்ன குரல்

பேய், பிசாசு, செய்வினை எதையும் நான் நம்பினவ இல்ல. மட்டாஞ்சேரில ஒரு தமிழ்க் குடும்பத்துல பொறந்து வளர்ந்து, பழைய சுக்குக் கிடங்குக்குப் பக்கத்துலயே தையல் கடை போட்டு உக்காந்திருக்கேன், இதுவரைக்கும் ஒரு பேயும் வந்து ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்ததில்ல. அதனால நான் சொல்றத நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது.

லீவு நாள்ல படம் எடுக்கறது என் கிறுக்கு. பள்ளுருத்தி தாண்டி மதகு வச்சுக் காயல் தண்ணியைத் தேக்கி இறால் வளர்க்கற கட்டு ஒண்ணுல, வரப்புப் பொந்துக்குள்ள ஒரு நீர்நாய் குட்டி போட்டிருந்துது. எங்க போட்டோ குரூப்புல ஜோஷி சேட்டன்னு ஒருத்தர், ரெண்டு மத்தி மீனைப் போடு, பத்து நிமிஷத்துல வெளிய வரும்னார். நான் மாட்டேன்னுட்டேன். இன்னிக்குத் தீனி காட்டிக் கூப்பிட்டா நாளைக்கு அது மனுஷனைத் தேடி வரும், வலைக்காரன் தடியைத் தூக்குவான். அப்போ உனக்குக் குட்டிப் படம் இந்த ஜென்மத்துல இல்லன்னு சிரிச்சார். இல்லாட்டிப் போகட்டும்.

சுக்குச் சாக்கை நாலு தடவை அலசி, நானே தைச்ச மறைப்பு. பொந்துக்கு எதிர்ல தள்ளி, ஒரு சேத்துத் திட்டுல கட்டியிருந்தேன். விடியறதுக்கு முன்னாடியே உள்ள போய் உக்காந்துருவேன், அது தன் இஷ்டத்துக்கு வந்து தன் இஷ்டத்துக்குப் போனப்புறம்தான் வெளிய வருவேன். நடுவுல இருமல் வந்தாலும் முழுங்கணும். பத்து காலை சும்மா போச்சு. பதினோராவது காலை, ஏழரை மணி இருக்கும், பேய்க்கு அது வேலை நேரமே இல்ல, தாய் தலையை நீட்டுச்சு, பின்னாலயே ரெண்டு குட்டி.

அப்பத்தான் என் முதுகுக்குப் பின்னால ஒரு ஆம்பளைக் குரல், மெதுவா, "வெள்ளம்."

இந்த ஊர் மலையாளத்துல வெள்ளம்னா குடிக்கற தண்ணிதானே. வலைக்காரர் யாரோ தாகத்துல கேக்கறார்னு நெனச்சு, திரும்பாம, ஆடாம, தண்ணிக் குப்பியைப் பின்பக்க இடுக்கு வழியா நீட்டினேன். வாங்கினாங்க. அந்த இழுப்பு இன்னும் என் விரல்ல இருக்கு. மடக் மடக்குனு குடிக்கற சத்தம், அப்புறம் குப்பி திரும்ப என் கைக்கு வந்துது. நான் கேமராவுலேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல.

மறுபடியும், இன்னும் கிட்டத்துல, "வெள்ளம் வருது. எந்திரி."

எனக்குக் கோவம்தான் வந்துது. தாயும் குட்டியும் கண்ணு முன்னால இருக்கறப்போ எந்திரிச்சா பதினோரு நாள் பொறுத்தது எதுக்கு? மாட்டேன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தேன். பாத்தா, தாய் ஒரு குட்டியைக் கழுத்துல கவ்விக்கிட்டு மேட்டுப் பக்கம் ஓடுது, திரும்பி வந்து அடுத்ததையும் தூக்குது. எப்பேர்ப்பட்ட படம் அது. நான் பட்டனை அமுக்கல, பதறி ஓடற தாய்க்கு என் கேமரா சத்தம் வேற எதுக்குன்னு விட்டுட்டேன். அது மறைஞ்சப்புறம்தான் வெளிய வந்தேன்.

திட்டுலேர்ந்து காலை இறக்கினா முழங்கால் வரைக்கும் தண்ணி. மதகுப் பலகை உடைஞ்சு காயல் அப்படியே உள்ள பாயுது. தண்ணி கேக்கலைங்க அவன், தமிழ்ல வெள்ளம்னா என்னவோ அதைச் சொல்லியிருக்கான். கேமராவைத் தலைமேல வச்சுக்கிட்டு வரப்பு ஏறறதுக்குள்ள நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு, திரும்பிப் பாத்தா என் சாக்கு மறைப்பே காணோம். சுத்தி வெட்டவெளி, ஒரு ஆள் இல்ல, ஒரு தோணி இல்ல.

"நீ உறங்கிப்போயி மோளே," அப்படின்னார் ஜோஷி சேட்டன். சரி, உறங்கினேன். நிறைச்சுக் கொண்டுபோன குப்பியை யார் குடிச்சா? பக்கத்து வீட்டுல மந்திரிச்சுக் கட்டச் சொன்னாங்க, இனிமே அங்க போகாதேன்னாங்க. நான் புதுசா ஒரு மறைப்பு தைச்சு அடுத்த லீவுக்கே போனேன், கையில ரெண்டு குப்பியோட. இப்பவும் போறேன், மீனும் போடல, படமும் கிடைக்கல.

ஒண்ணு மட்டும்தான் என்னைத் தூங்க விடமாட்டேங்குது. இந்த ஊர்க்காரன்னா 'வருந்நு'ன்னு சொல்லியிருப்பான். அது 'வருது'ன்னுச்சு, 'எந்திரி'ன்னுச்சு, எங்க வீட்டுக்குள்ள நாங்க பேசற பேச்சு. சாக்குக்குள்ள உக்காந்திருக்கறது தமிழச்சின்னு அதுக்கு எப்படிங்க தெரியும்? அன்னிக்குக் காலைல நான் வாயே திறக்கலையே.