மேனேஜரைச் சுமந்த மழைக்காலம்

கார்களுக்கு சீட் கவர் தைத்துத் தைத்தே அவளுக்குக் கவரக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி அழைப்பது அவளோடு குடியிருக்கும் தங்கை ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால்.

அவள் வீட்டுக்கு ஒரு நாய் வந்துசேர்ந்ததும் அந்த சீட் கவர் கடை வழியாகத்தான். சீட்டெல்லாம் பிய்ந்துபோன காரை ஒரு மனிதர் கொண்டுவந்து விட்டார். பிய்த்த ஆசாமியும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. புது உறை மாட்டி முடித்ததும் கார் கிளம்பிப் போனது, நாயை மட்டும் கடைவாசலில் விட்டுவிட்டு. கவரக்காவுக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்த ஆளை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டே நாயை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதன் தோரணைக்கு மேனேஜர் என்ற பெயர்தான் பொருந்தியது.

மேனேஜருக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாது. மொட்டை மாடியிலும் முடியாது. காலையும் மாலையும் தெருக்கோடிப் புல்தரைக்குப் போயே ஆகவேண்டும். வெயில் காலத்தில் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மழை பிடித்துக்கொண்டபோதுதான் வினை வந்தது. சேற்றுக் காலோடு மூன்று மாடி ஏறியதில் படிக்கட்டு முழுக்கப் பூப்போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் அவளை நிறுத்தினார்.

"இன்னொரு தடவ படியில இதோட கால் தடத்தப் பாத்தேன், நாய் இங்க இருக்கக்கூடாதும்மா. சொல்லிட்டேன்."

"பேசாம யாருக்காவது குடுத்துடேன்க்கா," என்றாள் தங்கை.

"ஒருத்தன் விட்டுட்டுப் போனது பத்தாதா? நான் வேற விடணுமா?"

கடையில் மிச்சம் விழுந்த ரெக்சினில் மேனேஜருக்கு மழைக்கோட்டும், நாலு காலுக்கு உறையும் தைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தைக்கிற கை அது. ஆனால் கோட்டைப் போட்டு நாய் எழுந்து நின்றதும் பின்பக்கம் தொளதொளவென்று பாவாடையாகத் தரையைப் பெருக்கியது. காலமெல்லாம் சீட்டுக்கு அளவெடுத்த பழக்கத்தில், நாயையும் உட்காரவைத்தே அளவெடுத்திருக்கிறாள்! காலுறைகளை மாட்டியதும் மேனேஜர் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிடி, நல்லா சிரி," என்றபடி கோட்டைப் பிரித்துப் போட்டாள். இரண்டு வார் வைத்து முதுகுப் பையாகத் தைத்தாள். அதன்பிறகு புல்தரையில் வேலை முடிந்ததும் மேனேஜரைப் பைக்குள் இறக்கி, முதுகில் மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள். லேசுப்பட்ட நாயில்லை. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினாள். மேனேஜரோ அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தை மேற்பார்வை பார்த்தது.

மழை விடுவதாக இல்லை. அவளும் விடுவதாக இல்லை. ஒரு மாலை, வெளியே போய்விட்டு வந்த வீட்டுக்காரர் அவள் பின்னாலேயே முதல் மாடிவரை ஏறிவந்தார். தடம் எதுவும் சிக்காத எரிச்சல் அவருக்கு.

"கால் தடம் இல்ல, சரி. தண்ணி சொட்டுதே, அதுக்கு என்ன சொல்ற?"

கவரக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"தடம் கூடாதுன்னீங்க, தூக்கிட்டு வரேன். இப்போ தண்ணியா? தொடச்சிடறேன் சார். ஆனா நாய் போகாது. அதையும் கேட்டுக்குங்க."

"எத்தன நாளைக்கும்மா இதச் சுமப்பே?"

"மழ பெய்யற வரைக்கும்."

மேலே போய் நாயை இறக்கிவிட்டு, துணியும் கையுமாகத் திரும்பினாள். படிப்படியாகத் துடைத்துக்கொண்டே இறங்கினாள். வீட்டுக்காரர் நகராமல் நின்று பார்த்தார். அவர் ஏறிவந்த படிகளில் அவருடைய செருப்பின் சேற்றுத் தடம் பளிச்சென்று பதிந்திருந்தது. கவரக்கா அவசரமே படவில்லை. ஒவ்வொரு தடத்தையும் சுற்றிச் சுற்றித் துடைத்தாள், ஒரு தடத்தின்மேலும் துணி படாமல்.

"இதையெல்லாம் விட்டுட்டியேம்மா?"

அவள் துணியைப் படிக்கட்டு ஜன்னலுக்கு வெளியே பிழிந்தாள்.

"அது நாயோடது இல்லீங்க சார்."