குந்தி தேடி வந்த கதை

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த அன்றுதான் கேன்டீன் தவமணி அக்காவைப் பார்த்தேன். மீ கோரேங் நூடுல்ஸ் பரிமாறிக்கொண்டே பிள்ளைகளுக்குக் கர்ணன் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"புள்ளய ஆத்துல விட்ட மறுநாளே குந்தி ஓடி வந்துட்டா. கரையெல்லாம் தேடுனா, பாவம். அதுக்குள்ள தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, பாரதத்துல அப்படி இல்ல. குந்தி தேடி வரவே இல்ல" என்றேன், எல்லாரும் கேட்கும்படி.

"சார் படிச்சவரு லா, அவரு சொன்னா சரிதான்" என்று அக்கா சிரித்தார். இரண்டாம் ஆண்டில் படிக்கும் சிறுமி தர்ஷினி மட்டும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அவள் அம்மா அவளைச் சித்தியிடம் விட்டுவிட்டு ஜொகூருக்குப் போனவர், ஒரு வருடமாகத் திரும்பவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா யாருக்காகக் கதையை மாற்றினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்ன மாதிரியே திரும்பச் சொல்லுங்கக்கா."

"இனிமே சொன்னா அந்தப் புள்ள நம்புமா சார்?"

அக்கா இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறார். பிள்ளைகள் கதை கேட்டால், "சார்கிட்ட கேளுங்க" என்று என் வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்.