தப்புச் சத்தத்தில் ஒரு நித்திரை

இந்தத் தேயிலைத் தோட்டத்தையே எழுப்புகிற தப்புச் சத்தத்தில்தான் என் மகள் நித்திரையாகிறாள். சொன்னால் எங்கள் யாழ்ப்பாணத்து ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். விடியப்புறம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தடியில் தப்புப் பறை முழங்கும். வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குச் சனம் ஓடும். இரவெல்லாம் என் தோளில் சிணுங்கிய எட்டு மாதக்காரி அப்போதுதான் கண்ணை மூடுவாள். அதற்குமேல் நான் எங்கே படுப்பது? மூத்தவனுக்குப் பால் காய்ச்ச வேண்டும், பனியில் காயாத துணிகளை அடுப்புக்கு மேலே விரிக்க வேண்டும், எட்டு மணிக்குத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். போன தவணையில் ஒருநாள் நின்றபடியே கண்ணயர்ந்து, ஏழும் எட்டும் பதினேழு என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். பிள்ளைகள் பயபக்தியாய் அதையே எழுதிக்கொண்டார்கள்!

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் முத்தாயிக்கு இதெல்லாம் சிரிப்பு. “ஊரே எந்திரிக்கயில பாப்பா தூங்குதுங்க. பெரட்டுக்குப் பிந்துனா அரைநாள் கூலிதான், சொல்லிவைங்க டீச்சரம்மா!”

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எழுதியிருந்தார்: ‘சின்னவளை ஆறு மாதம் என்னட்டை விடு. நீ ஆறுதலாய் நித்திரை கொள்.’ அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன்! தோட்டத்து மருந்துச்சாலையில் வேலை பார்க்கும் என் கணவரும் சம்மதித்தார். விடுமுறைக்குப் பதுளை ரயில் நிலையத்தில் கோச்சி ஏறினோம். மகளை விட்டுவிட்டு வருவதென்றே போனேன்.

முதல் இரவு, அந்த உலர்ந்த வெக்கையில், பனையோலைச் சரசரப்பில், கல்லாய்க் கிடந்து உறங்கினேன். விடியப்புறம் மகள் விழித்தாள். காதைக் கொடுத்துக் காத்திருப்பதுபோலக் கிடந்தாள். தப்புச் சத்தம் வரவில்லை. வீரிட்டு அழத் தொடங்கினாள். எனக்குச் சட்டென்று பொறிதட்டியது. வெறும் பிஸ்கற் தகரப் பேணியொன்றை எடுத்து, தோட்டத்துத் தப்பின் தாளத்தில் தட்டினேன். அவள் கண் சொருகியது. அம்மா ஓடிவந்தார்.

“என்னடி பிள்ளை, விடியக்காத்தாலை சாவீட்டு மேளமே அடிக்கிறாய்? அயலட்டை என்ன நினைக்கும்!”

“அங்கை இதுதான் அம்மா விடியல்.”

“இஞ்சை அப்பிடியில்லை. வை அதை.”

மூன்று விடியல்கள் அம்மா தாலாட்டினார், தோளில் போட்டு நடந்தார். பிள்ளை அழுது அழுது நீலம்பாரித்தாள். நாலாம் நாள் அடுத்த அறையில் மெல்லிய தட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அயலுக்குக் கேட்காமல் யன்னலையெல்லாம் சாத்திவிட்டு, அம்மா அதே பேணியை விரல் நுனியால் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் பிழை. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அம்மா என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

“உனக்குத்தான் இந்த அடி வரும். சின்னவளை உன்னோடையே கொண்டுபோ, பிள்ளை,” என்றார்.

கொடியில் கிடந்த சின்னச் சட்டைகளை எடுத்து மடித்தேன்.

நேற்று அம்மாவின் கடிதம் தோட்டத்துக்கு வந்தது. விடியப்புறம் தனக்கு இப்போதெல்லாம் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறதாம். பேணி தலைமாட்டிலேயே இருக்கிறதாம். இதோ, இங்கே தப்பு தொடங்கிவிட்டது. மகளின் கை என் கழுத்திலிருந்து நழுவுகிறது. பனிக்குள்ளால் பெரட்டுக்கு ஓடுகிறார்கள். எனக்குக் கேட்பதோ, சாத்திய யன்னலுக்குள் தாளம் பிழைத்துத் தட்டுகிற ஒரு விரல்.